ஒரு வசனத்துக்கு மட்டும் வேகமான கார்ட்

புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று மேசைக்கு வந்ததும் நீங்கள் முதலில் பார்ப்பது பெட்டியைத்தான். வேலையில் இருந்த காலம் முழுவதும் நானும் அப்படித்தான் பார்த்தேன். பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்பது, கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத எழுத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். அல்லது இருக்கவே இருக்காது.

சோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதும்படி கேட்டிருக்கிறார்கள். எப்படிச் சோதிப்பது என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. இன்றைய கருவிகளில் பாதியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு விசயம் மாறியிருக்காது என்று நினைக்கிறேன். சோதனை ஒரு நல்ல எண்ணைத் தந்துவிடும். எல்லோருக்கும் அது பிடித்துப்போகும். உங்களுக்கு மட்டும் ஏதோ இடிக்கும். அப்படியொரு வாரம் எனக்கு வந்தது. அதைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கணினித் திரையில் ஒரு பக்கத்தை மேலே தள்ளினால், அது வரி வரியாக நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்த வேலையை விரைவாகச் செய்து தருகிறோம் என்றுதான் கார்ட் செய்யும் நிறுவனங்கள் போட்டி போட்டன. ரொறன்ரோவின் கணினிக் கடைகளில் சுவர் முழுக்கப் பெட்டிகள். ஒன்றில் இரண்டு மடங்கு வேகம், பக்கத்தில் இருப்பதில் மூன்று மடங்கு, அதற்கும் பக்கத்தில் ஐந்து மடங்கு. எதைவிட என்று எவரும் கேட்பதில்லை.

நான் அதே நகரில் டொன் மில்ஸ் பக்கம் ஒரு சிறிய சோதனைக்கூடத்தில் வேலை செய்தேன். மொத்தமாகக் கணினி வாங்குகிறவர்களுக்காக, அவர்கள் வாங்குவதற்கு முன் பொருளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது எங்கள் தொழில். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்திருந்தேன். கனடாவுக்கு வந்து, மறுபடியும் வகுப்பில் போய்க் குந்தி, ஒருவழியாக அந்த வேலையைப் பிடித்திருந்தேன். அதுவும் ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் முடிகிற காலம் நெருங்கியிருந்தது. நிரந்தரமாக்குவதாக முதலாளி வாயால் சொல்லியிருந்தார், அவ்வளவுதான்.

அந்த வசந்தத்தில் ஒரு கல்விச் சபை தன் பள்ளிக்கூட நூலகங்களுக்கெல்லாம் கணினி வாங்கத் தீர்மானித்தது. நான்கு நிறுவனங்கள் விலைப்புள்ளி கொடுத்திருந்தன. பெட்டிகளைத் திறந்து பார்த்தால் கணினிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே இருந்த கிராபிக்ஸ் கார்ட்தான் வேறு. அவற்றைச் சோதித்து வரிசைப்படுத்துவது என் பொறுப்பு.

அப்போது எல்லோரும் பயன்படுத்திய ஒரு சோதனை மென்பொருள் இருந்தது. எழுத்து, கோடு, வண்ணம் என்று பலவற்றையும் திரையில் வரையச் செய்துவிட்டு, கடைசியில் ஒற்றை எண்ணைத் தரும். அதை ஓட்டினேன். ஒரு கார்ட் மற்ற மூன்றையும் தூக்கி எறிந்துவிட்டது. எழுத்து வரைவதில் அது இரண்டாவதாக வந்ததைப்போல மூன்று மடங்கு வேகம். பெட்டியில் போட்டிருந்த எண்ணும் எனக்கு வந்த எண்ணும் அச்சொட்டாகப் பொருந்தின. அறிக்கையின் முதல் பிரதியில் அதை முதலாவதாக எழுதி முதலாளியின் மேசையில் வைத்துவிட்டு, நிம்மதியாக வாரவிடுமுறைக்குப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது சூரி பிடித்துக்கொண்டான். வெக்ஸ்போர்ட்டில் எங்கள் தேவாலயத்துக்குப் பக்கத்துப் பிளாசாவில், ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில், தமிழ் வாரப்பத்திரிகை ஒன்றின் அலுவலகம் இருந்தது. சூரி அங்கே பக்கம் அமைப்பவன். கிழமை நாட்களில் தொழிற்சாலை வேலை, சனி ஞாயிறில் பத்திரிகை. என் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன்.

"அக்கா, உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஒருக்கா உள்ள வந்திட்டுப் போங்கோ."

"என்னடா, கொம்பியூட்டர் பழுதோ?"

"பழுதெண்டாத் திருத்தலாமே. இது புதுசு அக்கா. போன கிழமைதான் ஒரு கார்ட் வாங்கிப் பூட்டினனான். மூண்டு மடங்கு ஸ்பீட் எண்டு பெட்டியில கிடக்கு. என்ர பக்கம் பழையபடி ஊருது."

பெட்டியை எடுத்துக் காட்டினான். நான் முதலாவதாக எழுதிவிட்டு வந்த அதே கார்ட்.

"கடைக்காரனிட்டக் கேட்டனியோ?"

"கேட்டனான். உங்கட தமிழ் எழுத்தாலதான் ஸ்லோ எண்டு சொல்லுறான். இங்கிலிஷில அடிச்சாப் பறக்குமாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் கடைக்காரன் சொன்னதை அவன் நம்பிவிட்டிருந்தான், அது எனக்குச் சுருக்கென்றது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு எப்படி வேலை செய்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவத்தை வைத்திருந்தோம். நாங்கள் 'அம்மா' என்று பார்ப்பதைக் கணினி ஏதோ நான்கைந்து ஆங்கில எழுத்து என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தது. அப்படியிருக்க, தமிழ் என்பதற்காக அது எப்படித் தாமதிக்கும்?

"சூரி, இந்தப் பக்கம் முழுக்க இங்கிலிஷ் எழுத்துக்கு மாத்து."

"மாத்தினா எல்லாம் குப்பையா வருமே அக்கா."

"வரட்டும். மாத்து."

மாற்றினான். திருமண வாழ்த்துகள், வீடு விற்கும் விளம்பரங்கள், ஆசிரியர் தலையங்கம் எல்லாம் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாயின. இப்போது திரையில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. பக்கத்தை மேலே தள்ளினோம். அதே ஊர்வுதான். பிறகு கணினியைத் திறந்து பழைய கார்ட்டைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். அதுவும் அதே வேகத்தில் ஊர்ந்தது.

சூரி கதிரையில் பின்னால் சாய்ந்தான். "அப்ப தமிழில பிழையில்லை."

"தமிழில ஒரு பிழையும் இல்லை."

"இது காணும் அக்கா. நாளைக்கே போய் அவனோட சண்டை பிடிக்கிறன்."

"பொறு. இந்தக் கார்ட் என்ர இடத்தில மூண்டு மடங்கு ஓடினது. என்ர கண்ணாலை கண்டனான். அங்க ஓடினது இங்க ஏன் ஓடேல்லை எண்டு தெரியாமல் சண்டைக்குப் போனா நீயும் தோற்பாய், நானும் தோற்பன்."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன்.

"மெசின் சொன்ன நம்பரை எழுதிறதுதானே உம்மட வேலை? எழுதியாச்சு. விடும்," என்றார் அவர்.

"நம்பர் பிழையெண்டா?"

"பிழையெண்டு உமக்குத் தெரியுமோ?"

"இன்னும் தெரியாது."

"அப்ப முதல் அதைத் தெரிஞ்சுகொள்ளும். கொன்ராக்ட் முடியிற நேரம். அரைகுறையாக் கதைச்சு மாட்டுப்படாதையும்."

அவர் சொன்னதில் பாதி பயம், பாதி நியாயம். நியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

அந்தச் சோதனை மென்பொருளை அதற்கு முன் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். ஒருநாளும் திரையைப் பார்த்ததில்லை. ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம், வந்து கடைசி எண்ணை எழுதிக்கொள்வோம். அன்று கதிரையை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தேன். எழுத்துச் சோதனை வந்தது. திரை முழுக்க எழுத்துகள் சிறிதாக, பெரிதாக, சாய்வாக, தடிப்பாக விழுந்துகொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் போன பிறகுதான் உறைத்தது. எல்லாம் ஒரே வசனம். எப்போதோ ஒரு நிரலாளர் கைக்கு வந்தபடி எழுதிவிட்டுப் போன ஓர் ஆங்கில வசனம். அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது.

மென்பொருளின் ஒரு பிரதியை எடுத்து, அதற்குள் அந்த வசனம் இருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்து, ஒரேயொரு எழுத்தை மாற்றினேன். ஓட்டினேன்.

எண் விழுந்தது. கொஞ்சநஞ்சமாக விழவில்லை. முதலாவதாக வந்த கார்ட் நான்காவதாகப் போய்விட்டது.

மாற்றிய எழுத்தைப் பழையபடி வைத்தேன். எண் மேலே ஏறியது. மற்ற மூன்று கார்ட்களிலும் இதையே செய்தேன். அவற்றில் எந்த மாற்றமும் இல்லை. எந்த வசனமானாலும் ஒரே வேகம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். அதே விடை.

பரீட்சையில் எந்தக் கேள்வி வரும் என்று முன்பே தெரிந்துகொண்டு, அந்த ஒரு விடையை மட்டும் பாடமாக்கி வந்த மாணவனைப்போல இருந்தது அந்தக் கார்ட். அதை இயக்கும் மென்பொருளை, அதாவது டிரைவரை, யாரோ அந்த வசனத்தைக் கண்டால் அடையாளம் காணும்படி எழுதியிருக்கிறார்கள். வசனம் வந்தால் எழுத்தெழுத்தாக வரையாமல், முன்பே வைத்திருக்கும் படத்தை ஒட்டிவிடும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். டிரைவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு வழியில்லை.

எங்கள் முதலாளி முன்பு வானொலி நிலையத்தில் பொறியியலாளராக இருந்தவர். ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கும் சின்ன இடத்தை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவர் முகத்தில் எப்போதும் எழுதியிருக்கும். அவரைக் கூப்பிட்டு, அவர் கண் முன்னால் எழுத்தை மாற்றி ஓட்டிக் காட்டினேன். பார்த்துவிட்டு இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பிறகு, அந்தக் கார்ட் நிறுவனம் தன் அடுத்த வருடச் சோதனைகள் முழுவதையும் எங்களுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்றார். அது எனக்குப் புதுச் செய்தி.

"வழக்கமான சோதனையை ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினோம். அந்த எண் பொய் இல்லையே, றெஜினா," என்றார்.

"எண் பொய் இல்லை. ஆனால் பிள்ளைகள் நூலகத்தில் இருந்து அந்த ஒரு வசனத்தை மட்டும் வாசிக்கப்போவதில்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது தெரிந்தது. அவர் கோபிக்கவில்லை. நான் கொண்டுபோயிருந்த திருத்திய அறிக்கையை வாங்கி வாசித்தார். அதில் 'ஏமாற்று' என்ற சொல்லை இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டையும் வெட்டினார்.

"அவர்கள் ஏன் செய்தார்கள் என்று உனக்குத் தெரியாது. தெரியாததை எழுதாதே. வேறு யாராவது வந்து தன் கையால் செய்து பார்க்கக்கூடியதை மட்டும் எழுது. இன்னொன்று, இதைக் கல்விச் சபைக்கு அனுப்புவதற்கு முன் அவர்களுக்கும் அனுப்ப வேண்டும்."

"அனுப்பினால் சாக்குத் தேடிக்கொண்டு வருவார்கள்."

"வரட்டும். நாம் சொல்வது சரியென்றால் சாக்குக்குப் பயப்படத் தேவையில்லை. சரியில்லையென்றால், அது கல்விச் சபையின் கூட்டத்துக்கு முன்னாலேயே எனக்குத் தெரிய வேண்டும்."

அவர் பயந்துகொண்டே இதைச் சொன்னார். அதனால்தான் அந்த மனிதர்மேல் எனக்கு இன்றுவரை மதிப்பு. பயமில்லாதவர் நியாயம் பேசுவது பெரிய விசயமில்லை.

சாக்கு வந்தது. அந்த நிறுவனத்தின் விற்பனை மேலாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். மரியாதை குறையாத, மெழுகு பூசிய குரல்.

"நீங்கள் சோதனை மென்பொருளைத் திருத்தியிருக்கிறீர்கள். அளவுகோலையே வெட்டிவிட்டு அளந்தால் அது அளவா? இந்த அறிக்கை வெளியே போனால் எங்கள் வழக்கறிஞர்கள் பேசுவார்கள்."

வழக்கறிஞர் என்ற சொல்லை நான் அப்போதெல்லாம் அகதிக் கோரிக்கையோடு மட்டும்தான் சேர்த்துக் கேட்டிருந்தேன். ஆனால் பயம் கொஞ்சம் அடங்கியதும் அவர் சொன்னதை மறுபடி யோசித்தேன். நீங்களும் இதைச் செய்யப் பழகுங்கள். எதிரே இருப்பவர் உங்களை மிரட்டும்போது, மிரட்டலைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அவர் சொன்னதில் மிச்சம் இருந்தது. வேறு ஒருவர் எழுதிய மென்பொருளை நான் திருத்தியது உண்மை. அதை வைத்துக் கூட்டத்தில் நின்றால், கடைசிவரை என் திருத்தத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கார்ட்டைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள்.

ஆகவே அதை விட்டுவிட்டேன். சொந்தமாக ஒரு சின்ன நிரலை எழுதினேன். எந்த வசனத்தைக் கொடுத்தாலும் அதைத் திரையில் பலமுறை வரைந்து, எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லும். வேறு ஒன்றும் செய்யாது. முழு நிரலும் ஒரே தாளில் அடங்கியது. வசனத்தை நான் தெரிவு செய்யப்போவதில்லை என்றும் முடிவெடுத்தேன். என் முதலாளி அந்தத் தாளை வாசித்துவிட்டு, "இதில் நீயே இல்லை," என்றார். அது பாராட்டு. இனி என் திருத்தம் என்று யாரும் கைநீட்ட முடியாது.

கூட்டம் கல்விச் சபையின் கட்டடத்தில் ஒரு காலை நடந்தது. வாங்கும் குழுவின் தலைவி முன்பு பள்ளிக்கூட நூலகராக இருந்த பெண்மணி. குழுவில் இன்னும் ஏழெட்டுப் பேர். அந்தக் கார்ட் நிறுவனத்திலிருந்து விற்பனை மேலாளரும், அவரோடு மெலிந்த ஓர் இளம் பொறியியலாளரும் வந்திருந்தார்கள். மேசையில் இரண்டு கணினிகளை வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுபோல. ஒன்றில் அந்தக் கார்ட், மற்றதில் இரண்டாவதாக வந்த கார்ட்.

மேலாளர் முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். நாடு முழுவதும் ஏற்றுக்கொண்ட சோதனை, அதில் தெளிவான முதலிடம், அதைச் சந்தேகிப்பதற்காக ஒரு சோதனைக்கூடம் மென்பொருளையே மாற்றியது. குழுவில் இரண்டு பேர் தலையை ஆட்டியதைக் கண்டேன்.

என் முறை வந்தது. எழுதிக்கொண்டு போன பேச்சை எடுக்கவில்லை.

"அவர் சொல்வது சரி. அந்தச் சோதனையில் இந்தக் கார்ட்தான் முதல்," என்றேன். என் நிரலில் அந்தச் சோதனையின் பழைய வசனத்தையே கொடுத்து இரண்டு கணினிகளிலும் ஓட்டினேன். அந்தக் கார்ட் கண் இமைக்கும் நேரத்தில் முடித்தது. மற்றது பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மேலாளர் புன்னகைத்தார்.

"இனி நீங்கள் ஒரு வசனம் சொல்லுங்கள்," என்று குழுத் தலைவியிடம் கேட்டேன்.

அவர் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நூலகத்துக்குள் சாப்பாடு கொண்டுவரக் கூடாது," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதைத் தட்டச்சு செய்து ஓட்டினேன்.

சிரிப்பு நின்றது. இரண்டாவது கார்ட் முன்பு ஓடிய அதே வேகத்தில் ஓடி முடித்தது. முதல் கார்ட் அது முடித்த பிறகும் வரைந்துகொண்டே இருந்தது.

"ஒரு வசனத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது," என்றார் மேலாளர்.

"உண்மைதான். நீங்களே ஒன்று சொல்லுங்கள்," என்றேன்.

அவருக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை போலும். தன் நிறுவனத்தின் விளம்பர வாசகத்தையே சொன்னார்: "இனிக் காத்திருக்க வேண்டியதில்லை."

தட்டச்சு செய்தேன். ஓட்டினேன். 'இனிக் காத்திருக்க வேண்டியதில்லை' என்ற வாசகம் அவருடைய சொந்தக் கார்ட்டில் மேலிருந்து கீழாக மெதுவாக, மிக மெதுவாக இறங்கி வந்தது. அறையில் இருந்த எல்லோரும் அது முடியும்வரை காத்திருந்தோம். முதலில் ஒருவர் வாயைப் பொத்தினார். பிறகு பின்வரிசையில் யாரோ வெடித்தார். அதற்குப் பிறகு ஒருவராலும் அடக்க முடியவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த என் முதலாளி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்ததைக் கண்டேன்.

மேலாளர் முகம் சிவந்துவிட்டது. "இது இவர்கள் எழுதிய நிரல். இதற்குள் என்ன செய்து வைத்திருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்?"

நான் அந்த ஒற்றைத் தாளை எடுத்து அவரோடு வந்த இளம் பொறியியலாளரிடம் நீட்டினேன். "நீங்கள் வாசித்துப் பிழை இருந்தால் சொல்லுங்கள்."

அவர் வாசித்தார். மேலிருந்து கீழே ஒரு தரம், பிறகு மறுபடியும் ஒரு தரம். மேலாளரைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தபடியே, "இதில் பிழையில்லை," என்றார்.

"அப்படியானால் அந்த ஒரு வசனத்தில் மட்டும் உங்கள் கார்ட் ஏன் அவ்வளவு வேகம்?" என்று குழுத் தலைவி கேட்டார். ஒரு நூலகர் கேட்கும் தொனிதான். பதில் வரும்வரை காத்திருப்பவரின் தொனி.

பதில் என் நாக்கு நுனியில் நின்றது. அந்த வாரம் முழுவதும் அதைச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வேலை வாழ்க்கையில் நான் செய்த மிகச் சரியான காரியம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். நான் பேசியிருந்தால் அது குற்றச்சாட்டு. அவர்கள் மறுத்திருப்பார்கள், விசயம் இழுபட்டிருக்கும். நான் பேசாமல் இருந்ததால் அந்த இளைஞருக்கு இடம் கிடைத்தது.

"எங்கள் டிரைவருக்கு அந்த வசனம் தெரியும்," என்றார் அவர்.

அதற்குப் பிறகு விளக்கத்துக்குத் தேவை இருக்கவில்லை. மேலாளர் தன் கடதாசிகளை அடுக்கத் தொடங்கினார். குழு அன்றே இரண்டாவது கார்ட்டைத் தெரிவு செய்தது. பெட்டியில் பெரிய எண் எதுவும் போடாத, ஒருவரும் கவனிக்காத கார்ட் அது. வெளியே வரும்போது குழுத் தலைவி என் கையைப் பிடித்துக் குலுக்கி, அந்தத் தாளின் ஒரு பிரதியைத் தர முடியுமா என்று கேட்டார். அடுத்த தடவை தானே ஓட்டிப் பார்ப்பாராம்.

வாகனத் தரிப்பிடத்தில் முதலாளி தன் காரின் கதவைத் திறந்தபடி நின்றார். "திங்கட்கிழமை வந்ததும் என் அறைக்கு வா. நிரந்தர வேலைக்கான கையெழுத்தைப் போட்டுவிடலாம்," என்றார். பிறகு, "அந்த அடுத்த வருட வேலை போய்விட்டது, தெரியும்தானே?" என்று கேட்டுவிட்டு, அது பெரிய பகிடி என்பதுபோலச் சிரித்தார். உண்மையில் அது போனது எங்களுக்கு வலிக்கவில்லை. கூட்டத்தில் நடந்த கதை வாய்வழியாகப் பரவி, வேறு கல்விச் சபைகளும் ஒரு மருத்துவமனையும் அந்தக் கோடையிலேயே எங்களைத் தேடி வந்தன.

சூரிக்கு அன்று பின்னேரமே சொன்னேன். அவன் அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டு நேரே என்னைக் கூப்பிட்டான்.

"அக்கா, வேற கார்ட் மாத்தித் தந்திட்டான்!"

"சண்டை பிடிச்சனியோ?"

"சண்டையே தேவைப்படேல்லை. எங்கட பேப்பர்ப் பக்கத்தைக் கொண்டுபோய், அதே கார்ட் பூட்டின அவன்ர கொம்பியூட்டரில போட்டு, தமிழில ஒருக்கா, இங்கிலிஷ் குப்பையில ஒருக்கா ஓட்டிக் காட்டினன். ரெண்டும் ஒரே மாதிரி ஊர்ந்தது. வாயைப் பிளந்து பாத்துக்கொண்டு நிண்டவன். இப்ப பக்கம் எல்லாம் சும்மா பறக்குது அக்கா. ஆசிரியரே வந்து நிண்டு வேடிக்கை பாக்கிறார்."

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான் வருகிறது.

அடுத்த வருடம் அதே நிறுவனம் ஒரு புதிய கார்ட்டைச் சோதிக்கக் கேட்டு எங்களிடம் வந்தது. எனக்கு நம்ப முடியவில்லை. அந்த மேலாளர் அங்கே இல்லை. கூப்பிட்டவர் அன்று தாளை வாசித்த அதே இளம் பொறியியலாளர். அன்று உண்மை சொன்னதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நான் அவ்வப்போது கவலைப்பட்டதுண்டு. அனுப்பவில்லை. டிரைவர் எழுதும் குழுவையே அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

"எந்த வசனத்தில் சோதிப்பீர்கள்?" என்று கேட்டார். குரலில் சிரிப்பு இருந்தது.

"எனக்கே இன்னும் தெரியாது," என்றேன்.

கார்ட் வந்தது. நான் அதற்கு இரக்கம் காட்டவில்லை. எங்கள் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் ஒரு வசனம் வாங்கினேன். சூரியின் பத்திரிகையிலிருந்து ஒரு முழுத் தமிழ்ப் பக்கத்தைக் கொண்டுவந்து ஓட்டினேன். படங்களை ஓட்டினேன். கார்ட்டைக் குற்றம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை எனக்குள் இருந்ததை உணர்ந்தேன். அந்த ஆசையைக் கவனித்துக்கொள்ளுங்கள் பிள்ளைகளே. ஒருமுறை சரியாகப் பிடித்துவிட்ட சோதனையாளருக்கு வரும் நோய் அது. ஒருமுறை தவறு செய்தவரின் அடுத்த வேலையை நேர்மையாக அளக்க முடியாவிட்டால், உங்கள் அளவும் விளம்பரம்தான்.

அந்தக் கார்ட் ஓடியது. ஆங்கிலத்தில் ஓடியது, தமிழில் ஓடியது, ஒருவர் எழுதித் தந்த சீன வரியில் ஓடியது. என் கையில் அதுவரை வந்த எல்லாக் கார்ட்களையும் அது வென்றது. நான் அறிக்கையில் அதை முதலாவதாக எழுதினேன். எழுதும்போது முகமெல்லாம் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும், முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அனுப்புவதற்கு முன் பொறியியலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"உங்கள் கார்ட்தான் முதல்," என்றேன்.

"எந்த வசனத்துக்கு?" என்று கேட்டார்.

"எல்லாவற்றுக்கும்."

அவர் தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே திரும்பி, "எல்லாவற்றுக்குமாம்!" என்று கத்தியது கேட்டது. பிறகு ஓர் அறை நிறைய மனிதர்கள் கூச்சலிட்டு, மேசையில் தட்டி, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து ஆரவாரம் செய்வது கேட்டது. நான் தொலைபேசியை வைக்காமல், அது அடங்கும்வரை கேட்டுக்கொண்டே இருந்தேன்.